வெயில் இறங்கிய பிறகு ஒரு மணி நேரம்

(தொலைக்காட்சிக் கருத்தரங்கு ஒன்றில் நிகழ்ச்சித் தொகுப்பாளர் ஆற்றிய உரை. பேச்சு நடை அதிகம் மாறாமல் இங்கே தரப்படுகிறது.)



வழக்கமாக இந்த அரங்கில் கையில் மணியோடு உட்கார்ந்திருப்பவள் நான். மற்றவர்கள் பேசுவார்கள், நான் நேரம் பார்ப்பேன். இன்றைக்கு என்னையே பேசச் சொல்லிவிட்டார்கள். கொடுத்த தலைப்பு, 'கோடையில் கணவன் மனைவியின் சின்னச் சின்ன மகிழ்ச்சிகள்'. தலைப்பைப் பார்த்ததும் எங்கள் தயாரிப்புக் குழுவில் இருக்கும் தம்பி ஒருவர், "அக்கா, நம்ம நாட்டுல கோடை எங்கேக்கா இருக்கு? வருஷம் முழுக்க வெயில்தானே?" என்று கேட்டார்.

நியாயமான கேள்விதான். தமிழ்நாட்டில் இருப்பதுபோல் சித்திரை, வைகாசி என்று நாள் குறித்து வரும் கோடை நமக்குக் கிடையாது. ஆனாலும் வெயிலுக்கு என்று இங்கேயும் காலம் உண்டு. பிப்ரவரி, மார்ச் வாக்கில் ஒரு வறட்சி வரும். மே கடைசியில் தென்மேற்குப் பருவக்காற்று தொடங்கிவிட்டால் செப்டம்பர் வரை இன்னொரு வறட்சி. அந்தக் காற்று சுமத்ரா மலைகளில் மழையைக் கொட்டிவிட்டு, ஈரம் குறைந்து சிலாங்கூர் பக்கம் வருகிறது. எல் நினோ சேர்ந்துகொண்டால் கேட்கவே வேண்டாம். 1998 ஏப்ரல் 9-ஆம் தேதி பெர்லிஸ் மாநிலத்தின் சுப்பிங்கில் 40.1 பாகை பதிவானது. 2016-இலும் 2024-இலும் பட்ட பாடு நம் எல்லோருக்கும் நினைவிருக்கும். தொடர்ந்து மூன்று நாள் உச்ச வெப்பம் 35-இல் இருந்து 37 பாகை வரை போனால் மெட் மலேசியா முதல் நிலை எச்சரிக்கை கொடுக்கிறது. ஆகவே கோடை இருக்கிறது, தம்பி. மகிழ்ச்சி இருக்கிறதா என்பதுதான் கேள்வி.

நான் ஊட்டி, கேமரன் மலை பற்றிப் பேசப் போவதில்லை. எனக்குத் தெரிந்த ஊரை வைத்தே பேசுகிறேன். நான் குடியிருப்பது புக்கிட் பெருந்துங்கில். தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன்: கோலாலம்பூரிலிருந்து வடக்கே ஏறக்குறைய 50 கிலோமீட்டர். வடக்கு தெற்கு நெடுஞ்சாலையில் ஈப்போ பக்கம் போகும்போது பெயர்ப்பலகையைப் பார்த்திருப்பீர்கள். பக்கத்திலேயே புக்கிட் செந்தோசா, ராசா, செரண்டா, பத்தாங் காலி. 1990-களில் பெரிய கனவோடு எழுப்பப்பட்ட ஊர். 1997-இல் பொருளாதார நெருக்கடி வந்ததும் கனவு பாதியில் நின்றது. வரிசை வரிசையாகப் பூட்டிய கடைவீடுகள், கதவு சன்னல் இல்லாத வீடுகள் என்று பல வருடம் அப்படியே கிடந்தன. 'பெருந்துங்' என்றால் அதிர்ஷ்டம் என்று பொருள். அந்தப் பெயரை வைத்து எங்கள் ஊர்க்காரர்கள் அடிக்காத கிண்டல் இல்லை.

ஆனால் வீட்டு விலை நமக்கு எட்டியது. அதனால்தான் சுற்றியுள்ள தோட்டங்களில் லயத்து வீட்டை விட்டு வந்தவர்களும், கோலாலம்பூரில் வாடகை கட்ட முடியாதவர்களும் இங்கே வந்து குடியேறினோம். விலையில் மிச்சம் பிடித்ததை நேரத்தில் கொடுக்கிறோம். காலை ஐந்தரை மணிக்கு எங்கள் தெருவில் நின்று பாருங்கள். ஒரு வீட்டில் கார் கிளம்பும், பக்கத்து வீட்டில் மோட்டார் உறுமும், எதிர்வீட்டில் தொழிற்சாலை பஸ்ஸுக்கு ஓடுவார்கள். ராத்திரி எட்டு மணிக்குத்தான் தெரு மறுபடியும் நிறைகிறது.

என் கணவர் சுங்கை சோ பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். எனக்கு ஒளிப்பதிவு என்றால் நள்ளிரவு கூட ஆகும். ஒரு வாரம் முழுக்க ஒருவரை ஒருவர் தூங்கும்போது மட்டுமே பார்த்திருக்கிறோம். இதை நான் குறையாகச் சொல்லவில்லை. எங்கள் ஊரில் பாதி வீடுகளின் கதை இதுதான்.

புக்கிட் செந்தோசாவில் எனக்குத் தெரிந்த ஒரு தம்பதி. பெயர் வேண்டாம். அவர் ராத்திரி லோரி ஓட்டுகிறார், அந்த அம்மா பகலில் தொழிற்சாலைக்குப் போகிறார். இருவருக்கும் ஒரே மோட்டார். காலை ஆறரைக்கு அவர் வந்து இறங்குவார், அந்த அம்மா ஏறுவார். சாவி கைமாறும் நேரம் பத்து நிமிடம். அந்தப் பத்து நிமிடத்தில் முச்சந்திக் கடையில் ஒரு தே தாரேக் வாங்கி இருவரும் பாதிப் பாதி குடிக்கிறார்கள். "அது ஒண்ணுதான் அக்கா எங்களுக்கு" என்று சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பைக் கேட்ட பிறகுதான் இந்தத் தலைப்பு விளையாட்டுத் தலைப்பு இல்லை என்று எனக்குப் பட்டது.

நான் மக்கள் தொடர்பு படித்தவள். இலக்கியம் முறையாகப் படிக்கவில்லை. பள்ளியில் தமிழாசிரியர் சொன்ன ஒன்று மட்டும் மறக்கவில்லை. குறிஞ்சி, முல்லை, மருதம், நெய்தல், பாலை என்று ஐந்து திணை. இதில் பாலைக்கு உரிய காலம் வேனில், பொழுது நண்பகல், உரிய ஒழுக்கம் பிரிவு. அதாவது, வெயில் என்றாலே நம் முன்னோர்களுக்குப் பிரிவு. அதிலும் பெரும்பாலும் பொருள் தேடப் போகும் கணவனின் பிரிவு. அகநானூற்றில் 400 பாட்டு. அவற்றில் ஒற்றைப்படை எண் கொண்ட 200 பாட்டும் பாலைத் திணை. சரிபாதி! காதலைப் பாட உட்கார்ந்தவர்கள் பாதி நேரம் பிரிவையே பாடியிருக்கிறார்கள்.

அந்தக் காலத்துத் தலைவன் ஒரு முறை போனான், பொருளோடு திரும்பினான். நம் தலைவன் தினமும் டோல் கட்டிவிட்டுப் போகிறான், தினமும் திரும்புகிறான். ஆனால் வந்த மாதிரியே தெரிவதில்லை. இப்போது தலைவியும் போகிறாள். அது ஒன்றுதான் வித்தியாசம். (சிரிப்பு) வேலைச் சட்டத்தைத் திருத்தி 2023 ஜனவரி முதல் வாரத்திற்கு 48 மணி நேரத்தை 45 ஆக்கினார்கள். நல்ல விஷயம். ஆனால் ரவாங் நெரிசலில் நிற்கும் நேரத்தை யார் கணக்கில் எழுதுகிறார்கள்?

இங்கே பெரியவர்கள் சிலர், "எங்கள் தோட்டத்துக் காலத்தில் இப்படியா இருந்தது?" என்று முணுமுணுப்பது கேட்கிறது. அதையும் பார்ப்போம்.

பால்மரம் வெட்டுவது விடியற்காலை வேலை. வெயில் ஏறினால் பால் வடிவது குறையும். ஆகவே இருட்டோடு பெரட்டுக்கு நின்று, மரம் வெட்டி, பாலெடுத்து, ஸ்டோரில் நிறுத்துப் போட்டுவிட்டு, மதியத்திற்கு மேல் வீடு வந்துவிடுவார்கள். கணவனும் மனைவியும் பெரும்பாலும் ஒரே தோட்டம், ஒரே நேரம். மதியத்துக்குப் பிறகு பொழுது அவர்களுடையது. என் பாட்டி அப்படி வாழ்ந்தவர். சாயங்காலம் அஞ்சடியில் தண்ணீர் தெளித்து, சூடு தணிந்ததும் பாய் விரித்து, தாத்தாவும் அவரும் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பார்களாம். திடலில் படம் காட்டும் நாள் என்றால் இருட்டும் முன்பே பாயைத் தூக்கிக்கொண்டு போய் இடம் பிடிக்க வேண்டும்.

இதைக் கேட்டால் சொர்க்கம் மாதிரி இருக்கிறது. ஆனால் அதே பாட்டி மற்றதையும் சொல்லியிருக்கிறார். கூலி போதாது. இரண்டு அறையில் எட்டுப் பேர். லயத்தின் சுவருக்கு மேலே தடுப்பே கிடையாது; நான்காவது வீட்டில் இருமினால் முதல் வீட்டில் கேட்கும். புருஷனும் பெண்சாதியும் மனம் விட்டு ஒரு வார்த்தை பேச வேண்டுமென்றால் விறகு பொறுக்கும் சாக்கில் காட்டுப்பக்கம் போக வேண்டும். சம்பள நாளில் கள்ளுக்கடைக்கும் சம்சுவுக்கும் போன காசு எத்தனை குடும்பத்தின் சாயங்காலத்தைக் கெடுத்தது என்பதும் நமக்குத் தெரியும். பாட்டிக்கு நேரம் இருந்தது, மறைவு இல்லை. நமக்கு மூன்று அறை வீடு இருக்கிறது, கதவு இருக்கிறது, தாழ்ப்பாள் இருக்கிறது. நேரம்தான் இல்லை.

மறைவு இருக்கிறது என்று சொன்னேன். வெயில் காலத்தில் அதுவும் போய்விடுகிறது. பல வீடுகளில் ஏர்கோன் ஒரே ஓர் அறையில்தான். ஏப்ரல் மாதம் வந்துவிட்டால் பிள்ளைகள், மாமியார், விருந்துக்கு வந்த சித்தி எல்லோரும் மெத்தையை இழுத்துக்கொண்டு அந்த அறைக்கு வந்துவிடுவார்கள். (சிரிப்பு) சிரிக்காதீர்கள், உங்கள் வீட்டிலும் அதுதானே?

வீடு ஏன் ராத்திரியிலும் இப்படி வேகிறது என்று யோசித்தீர்களா? நம் வீடுகள் செங்கல்லும் சிமெண்டும். பகல் முழுக்க வெயிலைக் குடித்துவிட்டு, சூரியன் போன பிறகு மெதுவாகத் துப்புகின்றன. ஏழு மணிக்கு வெளியே காற்று குளிர ஆரம்பித்திருக்கும், உள்ளே சுவரைத் தொட்டால் சுடும். அந்த ஒன்றிரண்டு மணி நேரம் வீட்டுக்குள் இருப்பதைவிட வாசலில் இருப்பதே சுகம். கார் நிறுத்தும் இடத்தில் காரை வெளியே எடுத்துவிட்டு, தரையில் இரண்டு வாளித் தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். ஈரம் ஆவியாகும்போது சூட்டையும் கூட்டிக்கொண்டு போகும். அரை மணியில் பாய் விரிக்கலாம். பாட்டிக்கு விஞ்ஞானம் தெரியாது, வேலை தெரிந்திருந்தது. தண்ணீர்த் தடை நாட்களில் மட்டும் இதைச் செய்யாதீர்கள். 2014 பிப்ரவரி கடைசியில் சிலாங்கூரில் தண்ணீர்ப் பங்கீடு தொடங்கியதே, அந்த நாட்களில் துணி அலசிய தண்ணீரைத்தான் நாங்கள் செடிக்கு ஊற்றினோம்.

பாயில் உட்கார்ந்து என்ன சாப்பிடுவது? இங்கேதான் ஆண்களிடம் எனக்கு ஒரு வழக்கு இருக்கிறது. "என் வீட்டுக்காரி போடுற பஜ்ஜிக்கு ஈடு கிடையாது, சாயங்காலம் வாசலில் உட்கார்ந்து நாலு பஜ்ஜியும் தேத்தண்ணியும் இருந்தால் அதுதான் சொர்க்கம்" என்று ஓர் அண்ணன் சென்ற நிகழ்ச்சியில் சொன்னார். சரி அண்ணா, அந்த நேரத்தில் அண்ணி எங்கே இருந்தார்? அடுப்படியில், கொதிக்கும் எண்ணெய்க்கு முன்னால். 35 பாகை வெயிலில் எண்ணெய்ச் சட்டிக்கு முன் நிற்பவருக்கு அது எந்த மகிழ்ச்சி? ஒருவர் வேக, ஒருவர் குளிர உட்கார்ந்தால் அதைத் தம்பதியர் மகிழ்ச்சி என்று நான் ஏற்க மாட்டேன். பிசாங் கோரேங் கடையில் வாங்குங்கள். அல்லது வெயில் காலத்துக்கு என்றே நம்மவர்கள் கண்டுபிடித்த, அடுப்பே தேவைப்படாத சாப்பாடு இருக்கிறதே, பழைய சோறு! முதல் நாள் சோற்றில் தண்ணீர் ஊற்றி வைத்து, மறுநாள் மோர் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம், பச்சை மிளகாய். கருவாட்டை மட்டும் காலையிலேயே சுட்டு வைத்துவிடுங்கள். இதைக் கரைப்பதற்கு ஆண்களுக்குத் தெரியாது என்று சொல்லவே முடியாது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம். அவருக்குக் காலை ஷிப்ட் உள்ள வாரம், எனக்கும் வேலை சீக்கிரம் முடிந்தால், சாயங்காலம் ஏழு மணியிலிருந்து எட்டு வரை வாசலில் இருப்போம். தொலைபேசி இரண்டும் உள்ளே. அவர் எலுமிச்சம்பழம் பிழிந்து அசாம் பொய் போட்டுக் கலக்குவார். நான் ஒன்றும் செய்ய மாட்டேன். கறிவேப்பிலைச் செடிக்குத் தண்ணீர் விடுவதுகூட அவர்தான். முதல் சில நாள் என்ன பேசுவது என்றே தெரியவில்லை. வீட்டு லோன், கரண்ட் பில், மகனின் டியூஷன் எல்லாம் பேசி முடிந்த பிறகு ஒரு மௌனம் வந்தது பாருங்கள், அது எனக்குப் பயமாக இருந்தது. பத்து வருடம் குடும்பம் நடத்திவிட்டோம், பேச வேறு ஒன்றும் இல்லையா?

இங்கே இருக்கிறவர்களையும் கேட்கிறேன். நேற்று உங்கள் துணையிடம் பேசியதை நினைத்துப் பாருங்கள். பில், பள்ளிக்கூடம், மருந்து, மாமனார் வீட்டு விசேஷம். இவற்றைக் கழித்தால் மிச்சம் எத்தனை வாக்கியம்? கையைத் தூக்கச் சொல்லவில்லை. கேமரா இருக்கிறது.

எங்களுக்கு இரண்டாவது வாரத்தில்தான் பேச்சு வந்தது. அவர் சின்ன வயதில் சுங்கை திங்கி பக்கம் வாய்க்காலில் மீன் பிடித்த கதையைச் சொன்னார். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் நான் கேட்டதே இல்லை. மின்விசிறி சத்தத்தில், தொடர் நாடகச் சத்தத்தில் அந்தக் கதைக்கு இடமே கிடைத்திருக்காது.

இனி வீட்டை விட்டு வெளியே வருவோம். இங்கே ஒரு பெரிய தடை இருக்கிறது. காசு இல்லை, நேரம் இல்லை என்பதை விடப் பெரிய தடை. கூச்சம். காதலிக்கும் பிள்ளைகள் சேர்ந்து போனால் ஊர் பேசும், சரி. கல்யாணமாகிப் பிள்ளை பெற்றவர்கள் இருவர் மட்டும் மோட்டாரில் போனால்கூட, "என்ன, பிள்ளைகளை விட்டுட்டு ரெண்டு பேரும் கிளம்பிட்டீங்க?" என்று வாசலில் நின்று கேட்கிறார்கள். ஐம்பது வயதில் கைகோத்து நடந்தால் "இந்த வயசுல என்ன கூத்து" என்கிறார்கள். இப்படிக் கேட்கும் அத்தைமார்களும் சித்திமார்களும் கெட்டவர்கள் இல்லை. அவர்களுக்கு அந்த வாய்ப்பு கிடைக்கவில்லை, அவ்வளவுதான். என் மாமியார் முதலில் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டார். பிறகு ஒருநாள் "என்னையும் ஒருநாள் அந்தக் கோலகுபு பாருவுக்குக் கூட்டிட்டுப் போம்மா, உங்க மாமா இருந்திருந்தா..." என்று நிறுத்தினார். அந்த வாக்கியத்தை அவர் முடிக்கவே இல்லை.

கோலகுபு பாரு எங்களுக்குப் பக்கம். செரண்டாவிலோ ராசாவிலோ தஞ்சோங் மாலிம் போகும் கொமியூட்டர் ரயில் ஏறினால் சில நிறுத்தங்கள்தான். நிலையத்திலிருந்து ஊருக்குள் போகக் கொஞ்சம் தூரம் உண்டு. போனால் என்ன பார்ப்பது என்று கேட்பீர்கள். மரங்களைப் பார்க்கலாம். பழைய கோலகுபு, ஆற்றை மறித்த அணை ஒன்று 1883-இல் உடைந்து வெள்ளத்தில் அழிந்தது. அங்கே அதிகாரியாக இருந்த சிசில் ரேங்கிங் என்ற வெள்ளைக்காரரும் அதில் இறந்தார். அணையில் இருந்த வெள்ளை முதலையை அவர் சுட்டதால்தான் இந்தக் கேடு வந்தது என்று ஒரு கதை சொல்வார்கள். அந்த இடத்துக்கு இன்றைக்கும் அம்பாங் பெச்சா, அதாவது உடைந்த அணை, என்றுதான் பெயர். அதற்குப் பின்னும் வெள்ளம் ஓயவில்லை. ஆகவே 1920-களில் மேட்டில் புது ஊர் கட்டினார்கள். திட்டம் போட்டவர் நியூசிலாந்தில் பிறந்த சார்லஸ் ரீட். கடைத்தெரு ஒரு பக்கம், வீடுகள் ஒரு பக்கம், நடுவே திடலும் மரங்களும் என்று பூங்கா நகரமாக வரைந்தார். அவர் விட்டுப்போன நிழலில்தான் நாம் இன்றைக்கு ஐஸ் கச்சாங் சாப்பிட்டுவிட்டு நடக்கிறோம். பழைய கடைவரிசையில் ஒரு கோப்பி, திடலைச் சுற்றி இரண்டு சுற்று. செலவு அவ்வளவுதான்.

அங்கிருந்து மேலே பிரேசர் மலைச் சாலையில் போனால் அணைக்கட்டும் சிலிங் ஆறும் இருக்கின்றன. ஆற்றில் கெலா மீன்கள் காலைச் சுற்றி நீந்தும். ஆனால் ஆறு, அருவி என்று போகிறவர்கள் ஒன்றைக் கவனியுங்கள். உங்கள் தலைக்கு மேல் வெயில் அடித்தாலும் மலையுச்சியில் மழை பெய்தால் தண்ணீர் திடீரென்று சுவர் மாதிரி வரும். மலாய்க்காரர்கள் 'கெபாலா ஆயர்' என்பார்கள். தண்ணீர் கலங்கினாலோ, இலையும் சுள்ளியும் மிதந்து வந்தாலோ உடனே கரையேறிவிட வேண்டும். திறந்திருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு போவதும் நல்லது. ஆபத்தான காலங்களில் மூடிவிடுவார்கள்.

பத்தாங் காலி பக்கம் உலு தாமுவில் வெந்நீர் ஊற்று இருக்கிறது. வெயில் காலத்தில் வெந்நீரா என்று சிரிப்பீர்கள். ராத்திரியில் போய்க் காலை நனைத்துப் பாருங்கள், பிறகு சொல்லுங்கள். ஜூன், ஜூலையில் டுரியான் பருவம். சாலையோரக் கடையில் பழத்தைப் பிளந்து வைத்து நின்றுகொண்டே சாப்பிடுவதில் உள்ள சுகம் தட்டில் வைத்தால் வராது. சாப்பிட்டு முடித்து அந்த ஓட்டிலேயே உப்புத்தண்ணீர் ஊற்றிக் குடித்தால் சூடு தணியும் என்பார்கள். தணிகிறதோ இல்லையோ, "நீங்க குடிங்க", "நீ முதல்ல குடி" என்று ஒரு பேச்சு நடக்கிறது அல்லவா!

பசார் மாலாமைச் சொல்லாமல் விட்டால் எங்கள் ஊர்க்காரர்கள் கோபித்துக்கொள்வார்கள். காய்கறி வாங்கப் போவது போலத்தான் கிளம்ப வேண்டும், அப்போது யாரும் கேள்வி கேட்பதில்லை. திரும்பும்போது கையில் அப்பம் பாலிக்கும் சிராப் பண்டோங்கும் இருக்கும், கத்தரிக்காய் இருக்காது.

எனக்கு மிகவும் பிடித்தது கோல சிலாங்கூர். எங்கள் பக்கத்திலிருந்து செம்பனைத் தோட்டங்களுக்கு நடுவே பெஸ்தாரி ஜெயா வழியாகப் போகலாம். பழைய பெயர் பத்தாங் பெர்ஜுந்தை, 2007-இல் மாற்றினார்கள். வழியெல்லாம் நம்மவர்கள் வேர்வை சிந்திய தோட்டங்கள். பெயர்ப்பலகை ஒவ்வொன்றும் யாராவது ஒரு சொந்தக்காரரை நினைவுபடுத்தும். என் கணவர் வண்டியை மெதுவாக்கி, "இங்கதான் எங்க பெரியப்பா..." என்று ஆரம்பிப்பார்.

சாயங்காலம் ஐந்தரை வாக்கில் புக்கிட் மலாவத்தி ஏறலாம். சின்னக் குன்றுதான். பழைய கோட்டை, 1784-இல் டச்சுக்காரர்கள் பிடித்தார்கள், மறு ஆண்டே சுல்தான் இப்ராஹிம் மீட்டுக்கொண்டார். பீரங்கிகளும் 1907-இல் கட்டிய கலங்கரை விளக்கமும் இருக்கின்றன. வெள்ளிச் சாம்பல் நிறக் குரங்குகள் கூட்டம் கூட்டமாக உட்கார்ந்திருக்கும். குட்டி மட்டும் பளிச்சென்று ஆரஞ்சு நிறம். அம்மா சாம்பல், பிள்ளை ஆரஞ்சு! வளர வளரத்தான் நிறம் மாறும். கடற்காற்று வாங்கிக்கொண்டு சூரியன் மலாக்கா நீரிணையில் இறங்குவதைப் பார்த்துவிட்டு, இருட்டியதும் கம்போங் குவாந்தான் போய்விட வேண்டும்.

அங்கே சிலாங்கூர் ஆற்றில் துடுப்புப் படகு. ஒரு படகில் நான்கு பேர்தான் ஏறலாம். கரையில் பெரெம்பாங் மரங்கள். அவற்றில் ஆயிரக்கணக்கான மின்மினிகள். ஒவ்வொன்றும் ஓர் அரிசி மணி அளவுதான். அவை தனித்தனியாக மின்னுவதில்லை; ஒரே தாளத்தில், மரம் முழுக்க ஒன்றாக எரிந்து ஒன்றாக அணைகின்றன. ஆண் பூச்சி பெண் பூச்சியைக் கூப்பிடும் வெளிச்சம் அது. பெண் பூச்சி பதிலுக்கு மின்னும். வருடம் முழுக்க அங்கே அதுதான் பேச்சு. குஞ்சுப் பருவத்தில் அவை ஆற்றங்கரைச் சேற்றில் நத்தையைத் தின்று வளர்கின்றன. கரையைச் சுரண்டினாலும், மரத்தை வெட்டினாலும், ஆறு கெட்டாலும் அவை இருக்காது. வெளிச்சம் அதிகமானாலும் அவற்றுக்கு ஆகாது. இவன் கூப்பிடுவது அவளுக்குத் தெரியாமல் போய்விடும்.

படகுக்காரர் முதலிலேயே சொல்லிவிடுவார், பிளாஷ் அடித்துப் படம் எடுக்கக் கூடாது, சத்தம் போடக் கூடாது என்று. நாங்கள் போனபோது எதிரே ஒரு வயதான தம்பதி. அறுபதைத் தாண்டியிருக்கும். தோட்டத்தில் வேலை செய்து ஓய்வு பெற்றவர்கள் என்று பேச்சில் தெரிந்தது. இத்தனை வருடம் பக்கத்திலேயே இருந்தும் அன்றுதான் முதல் தடவையாக வந்திருக்கிறார்கள்; மகள் டிக்கெட் எடுத்துக் கொடுத்து அனுப்பியிருக்கிறாள். நடு ஆற்றில் துடுப்பை நிறுத்தியதும் ஒரே இருட்டு. மரம் முழுக்க மின்னி மின்னி அணைகிறது. அந்தப் பெரியவர் மெதுவாக, "ஏம்மா, தெரியுதா?" என்று கேட்டார். அந்த அம்மா, "தெரியுதுங்க" என்றார். அரை மணி நேரத்தில் அவர்கள் பேசியது இவ்வளவுதான். இறங்கும்போது அவர் கையை நீட்டினார், அந்த அம்மா சுற்றிலும் ஒருமுறை பார்த்துவிட்டுப் பிடித்துக்கொண்டார்.

போக விரும்புகிறவர்களுக்கு இரண்டு குறிப்பு. பௌர்ணமியை ஒட்டிப் போகாதீர்கள், நிலா வெளிச்சத்தில் பூச்சி வெளிச்சம் எடுபடாது. அமாவாசைப் பக்கமாகப் பார்த்துப் போங்கள். கொசுவுக்குத் தடவ மருந்து எடுத்துக்கொள்ளுங்கள், ஆனால் படகில் அடிக்காதீர்கள், கரையிலேயே தடவிக்கொள்ளுங்கள். மழை வந்தால் படகு போகாது. அன்றைக்கு வீட்டுக்குத் திரும்பி வந்து, தரைக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டிய வேலை மிச்சம் என்று வாசலில் பாயை விரித்துவிடுங்கள்.